ஏழு துளைக்கு எட்டுப் பூசணிக்காய்

அத்தியாயம் 6

காணாமல் போனவர்களைத் தேடிக் கிளம்பும்போது பேயாண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அந்த ஆள் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று முதல் நாளே மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிடுவான். அது பெரும்பாலும் பலித்தும் தொலைக்கும். முத்திருளன் விஷயத்தில் அவன் எழுதிய தீர்ப்பு நல்லதாக இல்லை. அதை ரோகிணியிடம் சொல்லவில்லை. சொன்னால், "நீ ஜோசியம் பாக்கப் போ, அங்க இதவிடக் கூடச் சம்பளம் கெடைக்கும்" என்பாள்.

ரோகிணி இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கணக்குகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு கட்டத்தில் உண்மையான கணக்குகளையும் பொய் என்று எழுதச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டாள். இப்போது காளவாசலில் ஒரு பேக்கரிக்கு மேலே துப்பறியும் நிறுவனம் என்று போர்டு தொங்குகிறது. பேயாண்டி அங்கே டிரைவர், கிளார்க், டீ வாங்குபவன். ஆபத்து வந்தால் மெய்க்காப்பாளன். அந்தக் கடைசி வேலைதான் அவனுக்குப் பிடிக்காது.

சனிக்கிழமை காலை. ஐப்பசி வானம் மூன்று நாளாக மூடம் போட்டுக்கொண்டு, பெய்யவும் செய்யாமல் விலகவும் செய்யாமல் கிடந்தது. பேச்சியம்மன் படித்துறைக்குப் பக்கத்துச் சந்தில் இருவரும் குனிந்து, தரையில் பூசியிருந்த ஒரு சிமெண்டு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவு. நடுவில் சிவப்புப் பெயிண்டில் நான்கு என்று எழுதியிருந்தது.

"தாயி, இதப் பத்தி யாராச்சும் வந்து கேட்டாங்களா?" என்று ரோகிணி எதிர்வீட்டு வாசலில் ஆப்பச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணுவிடம் கேட்டாள்.

"கேட்டுச்சே. கண்ணாடி போட்ட தம்பி. ஒல்லியா இருக்கும். இங்க பூசணிக்கா ஒடச்சாங்களாம்மான்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அது சிரிக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? பூசணிக்காயும் ஒடைக்கல, தேங்காயும் ஒடைக்கல. மிஷினே வரலயே. மூணு பேரு வந்தாய்ங்க, ஒரு சட்டி சிமெண்டக் கொழச்சுப் பூசுனாய்ங்க, நம்பர எழுதிட்டு எங்கிட்ட ஆப்பம் வாங்கித் தின்னுட்டுப் போயிட்டாய்ங்க. அதச் சொன்னதும் அந்தத் தம்பி மொகம் வெளுத்துப் போச்சு."

பேயாண்டி சந்தின் இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்தான். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் படம் ஆடும். சந்து முடிகிற இடத்தில் வைகை செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அந்தச் சிமெண்டு வட்டத்தின் மேல் ஒற்றைக்காலில் நின்று விளையாடின. அவனுக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

இதுவரை அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முத்திருளன் மண்ணியல் படித்தவன். 'ஆர்வென் டிரான்சிட்' என்ற வெளிநாட்டுக் கம்பெனியின் மதுரை ஆபீஸில் வேலை. நகர ரயிலுக்கு வேண்டிய சகலத்தையும் விற்கிற கம்பெனி அது. மதுரைக்கு மெட்ரோ வந்தால் முதல் ஆளாக நிற்கவேண்டும் என்று, டெண்டர் வருமுன்பே தன் செலவில் ஏழு இடத்தில் ஆழமாகத் துளை போட்டு மண்ணெடுத்தது. அந்தச் சமயத்தில் முத்திருளனைப் பயிற்சிக்கென்று சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தவன் மண்பெட்டிகளைத் திறந்து பார்த்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஏழு இடத்துக்கும் பைக்கில் அலைந்து, எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டான். செவ்வாய்க்கிழமை இரவு வீடு திரும்பவில்லை.

அவன் மனைவி முத்துமீனா போலீசுக்குப் போகக் கிளம்பியபோது, "ரெண்டு நாள் பாப்போம்மா, நானே நல்ல டிடெக்டிவா ஏற்பாடு பண்றேன்" என்று தடுத்தவர் மேனேஜர் அருண்பாண்டி. ரோகிணிக்குக் கேஸ் கொடுத்தவரும் அவரே. முத்திருளன் கம்பெனி ரகசியத்தோடு போட்டிக் கம்பெனிக்கு ஓடிவிட்டான் என்பது அவர் கட்சி.

"அக்கா, அந்தப் பூசணிக்கா விவகாரம் எனக்கு இன்னும் மண்டையில ஏறல" என்றான் பேயாண்டி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே.

"துளை போடுற மேஸ்திரி பேரு காளை. முத்துமீனா சொன்னாங்கல்ல. அவரு ஒரு பூசணிக்காய ஒடைக்காம மிஷின் சாவியத் தொடமாட்டாரு. தொர நேர்ல நின்னு கத்துனாலும் தொடமாட்டாரு. ஒரு துளைக்கு ஒரு காய்."

"அப்ப பூசணிக்கா ஒடையலன்னா..."

"துளை போடல."

"ஆனா ஆபீசுல ஏழு பெட்டி நெறைய உருளை உருளையா அடுக்கி வச்சிருந்தாங்களே. நம்ம கண்ணால பாத்தோமே."

"பாத்தோம். அதுல என்ன இருந்துச்சு?"

"கல்லு. பூராக் கல்லு."

"ஆத்தங்கரையில நூறடி தோண்டுனா என்ன வரும்?"

பேயாண்டி பிரேக் போட்டான். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் அவன் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான். ஆற்றங்கரையில் தோண்டினால் மணலும் தண்ணீரும் வரும் என்பது வீட்டில் போர் போட்ட எல்லோருக்கும் தெரியும். பெட்டி நான்கில் ஒரு பிடி மணல்கூட இல்லை.

அந்த ஆபீஸ் அவன் கண்ணுக்குள் வந்தது. குளிர்ந்த அறை, சுவர் அகலத்துக்கு உலக வரைபடம், அதில் குத்தியிருந்த சிவப்பு ஊசிகள். அருண்பாண்டி ஊசி ஊசியாகத் தொட்டுக் காட்டினார். ஆப்பிரிக்காவில், தென் அமெரிக்காவில், கிழக்கே தீவுகளில், எங்கே பார்த்தாலும் ஊர் பெருத்துக்கொண்டிருக்கிறது, ரோட்டில் இடமில்லை, எல்லா ஊரும் ரயில் கேட்டு வரிசையில் நிற்கிறது என்றார். "ரயில் பெட்டி, சிக்னல், கதவு, சுரங்கம் தோண்டுற மிஷின், எல்லாமே எங்ககிட்ட ஒரே கடையில கெடைக்கும். எந்த ஊரு எம்புட்டு அவசரம்னாலும் குடுத்துருவோம்." சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையைவிடப் பதற்றம்தான் கூட இருந்தது.

"அவரு நாற்காலிக்குப் பின்னால ஒரு போட்டோ இருந்துச்சே, கவனிச்சியா?" என்று ரோகிணி முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"சுரங்க மிஷினு. ரவுண்டா, பல்லு பல்லா. கீழ 'மதுரைக்காகவே உருவாக்கப்பட்டது'ன்னு எழுதியிருந்துச்சு."

"அந்தப் பல்லுக்கு நடுவுல என்ன இருந்துச்சு?"

"தெரியலயே. கொத்து பரோட்டாவா?"

"குருவிக்கூடு. மதுரைக்குன்னு புதுசா செய்யிற மிஷின்ல எந்தக் குருவி அதுக்குள்ள குடும்பம் நடத்தும்? வேற எவனோ ஆர்டர் குடுத்துட்டு வேணாம்னுட்டான். மலை ஊர் எதுக்காவது செஞ்சதா இருக்கும். கல்லுக்குன்னு செஞ்ச மிஷின். ஏதோ ஒரு துறைமுகத்துல வெயில்லயும் மழையிலயும் நிக்குது. மண்ணப் பாத்து மிஷின் செய்யணும் பேயாண்டி. இவங்க மிஷினப் பாத்து மண்ணு செஞ்சிருக்காங்க."

"அத மணலுக்குள்ள விட்டா?"

"மேல இருக்கிற மணலையும் தண்ணியையும் சேத்து உறிஞ்சிரும். அதுக்கும் மேல தங்கப்பொண்ணு ஆப்பம் சுடுவாங்க."

அதற்குப் பிறகு பேயாண்டிக்குக் கொஞ்ச தூரம் ஜோக் எதுவும் வரவில்லை. முத்திருளன் எதற்காக முகம் வெளுத்தான் என்று அவனுக்கு இப்போது புரிந்தது.

பாக்கெட்டில் போன் அடித்தது. அருண்பாண்டி. வணக்கம்கூடச் சொல்லாமல், "எங்க இருக்கீங்க?" என்றார். எப்போதும் அதுதான் முதல் கேள்வி. சாப்பாட்டுக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம், சும்மா ஒருதரம்.

ரோகிணி காதோரம் கிசுகிசுத்ததை அப்படியே ஒப்பித்தான். "பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் சார். லாட்ஜ் லாட்ஜா விசாரிக்கிறோம்."

வைத்துவிட்டு, "என் பொண்டாட்டிகூட இம்புட்டுத் தடவ எங்க இருக்கீங்கன்னு கேக்கமாட்டா" என்றான்.

"உனக்குத்தான் பொண்டாட்டியே இல்லயே."

"அதான் கேக்கமாட்டாங்கிறேன்."

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ வாசமும் அழுகிய முட்டைக்கோஸ் வாசமும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன. ரோகிணியின் கணக்கு எளிதானது. துளை போடாத இடத்தைத் தேடி இனிப் பயனில்லை. பூசணிக்காய் எங்கே உடைந்தது என்று தேடவேண்டும். பூசணிக்காய் உடைய வேண்டுமானால் முதலில் எவரோ வாங்கியிருக்க வேண்டும். திருஷ்டிச் சாமான் விற்கும் கடை கடையாய் ஏறி இறங்கி, கடைசியில் அன்னக்கொடியிடம் வந்து சேர்ந்தார்கள். பூசணிக்காய், எலுமிச்சை, படிகாரம், கறுப்புக்கயிறு என்று ஊர்க்கண்ணுக்கு எதிரான சகல ஆயுதங்களும் அவள் முன்னால் குவிந்திருந்தன.

"மேஸ்திரி காளையா? நம்ம வாடிக்கதான்" என்றாள் அன்னக்கொடி. "எப்பவும் ஒண்ணு ஒண்ணாத்தான் வாங்குவாரு. புரட்டாசி பொறந்தப்ப ஏழு காய மொத்தமா அள்ளுனாரு. ஏண்ணே, ஏழு ஊரா சுத்தப்போறீகன்னு கேட்டேன். இல்ல தாயி, ஏழும் ஒரே எடத்துலதான்னாரு. அலங்காநல்லூருக்கு இங்கிட்டு, கைவிட்ட கல்குவாரி. அங்ஙனயே தகரக்கொட்டாயில தங்கி வேலையாம்."

பேயாண்டி ரோகிணியைப் பார்த்தான். அவள் எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குப் பெறகு வரலயா?"

"வந்தாரே. வியாழக்கெழம வெள்ளன. ஒரு பூசணிக்கா, ஒரு கை காஞ்ச மொளகா, கல்லுப்பு. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு, ஒறங்காத ஆளு மாதிரி. அடுத்த துளையாண்ணேன்னு கேட்டேன். இல்ல தாயி, துளையெல்லாம் முடிஞ்சதுன்னாரு."

ஏழு துளை. எட்டுக் காய். முத்திருளன் காணாமல் போனது செவ்வாய் இரவு. பேயாண்டி மனசுக்குள் எழுதிவைத்த தீர்ப்பை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தான். அது மாறுகிற மாதிரித் தெரியவில்லை.

"மொளகா எதுக்கு?" என்று ரோகிணி தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"கொழம்பு வைக்கத்தான்" என்றான் பேயாண்டி.

குலமங்கலம் ரோட்டைத் தாண்டியதும் பஸ் சத்தம் குறைந்தது. கரும்பும் நெல்லும் முடிந்து கருவேலங்காடு தொடங்கிய இடத்தில் ஒரு மண்பாதை உள்ளே போனது. ஸ்கூட்டரைப் புதருக்குள் தள்ளி மறைத்துவிட்டு நடந்தார்கள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. ஒரு மயில் அகவிவிட்டு, செய்திருக்கக் கூடாது என்று நினைத்ததுபோல் பாதியில் நிறுத்திக்கொண்டது.

குவாரிப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நின்றது. அதன் ஓரமாக, கல்லும் சரளையுமான பொட்டலில், பேயாண்டி ஒரு கொடியை மிதித்து நின்றான். பெரிய இலை. சுணை வைத்த தண்டு.

"அக்கா, வெள்ளாமையே இல்லாத எடத்துல எவன் பூசணி போட்டது?"

"யாரும் போடல. ஒடச்ச காயோட வெத, புரட்டாசி மழையில மொளச்சிருக்கு. தேடு, இன்னும் இருக்கும்."

இருந்தன. பத்தடிக்கு ஒன்றாக ஏழு கொடிகள். ஒவ்வொரு கொடியின் வேருக்குப் பக்கத்திலும் கையகலத் துளை ஒன்று மண் மூடிக் கிடந்தது. மதுரைக்கு அடியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பாறை முழுவதும் இந்த ஒரு பொட்டலில் இருந்து எடுத்தது. ஊரையே ஏமாற்றத் துணிந்தவர்களுக்கு வேலை செய்யத் தயங்காத காளை, ஒரு துளைக்குக்கூடப் பூசணிக்காய் உடைக்காமல் இருக்கத் துணியவில்லை. அந்தப் பயம்தான் அத்தனையையும் முளைக்க வைத்துக் காட்டிக் கொடுத்திருந்தது.

எட்டாவதைப் பேயாண்டிதான் முதலில் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தகரக் கொட்டகைக்கு முன்னால் ஒரு சிமெண்டு வட்டம். இது சாப்பாட்டுத் தட்டு அளவு இல்லை. ஒரு ஆளை நிறுத்தி உள்ளே இறக்கினால் தோள் இடிக்காமல் போகிற அளவு. சிமெண்டு புதிது. அதன் மேல் ஒரு பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. உள்ளே அடைத்திருந்த குங்குமம் நாலாபுறமும் தெறித்திருந்தது.

பேயாண்டிக்கு அழுகை வந்தது. முத்திருளனை அவன் பார்த்ததே இல்லை. ஆனால் அவன் வீட்டுக்குப் போயிருந்தான். முத்துமீனா, வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, இன்னொரு தம்ளரை மூடி அடுப்பு மேடையில் வைத்தாள். எந்நேரமும் வந்துவிடுவார் என்றாள். அந்தத் தம்ளர் இப்போது அவன் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது.

"வாங்கக்கா, போயிருவோம். போலீசு வந்து தோண்டட்டும்."

ரோகிணி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விதை ஒன்றைச் சுண்டுவிரலால் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு எழுந்து கொட்டகையின் தாழ்வாரத்துக்குப் போனாள். அங்கே மூன்று கல் கூட்டி நெருப்பு மூட்டிய தடம். சாம்பலைக் குச்சியால் கிளறினாள். என்ன பார்த்தாள் என்று சொல்லவில்லை. சற்றுத் தள்ளிப் போய்த் தன் போனில் யாருடனோ சுருக்கமாகப் பேசினாள். திரும்பி வந்து, "அருண்பாண்டிக்குப் போடு. ஸ்பீக்கர்ல" என்றாள்.

மணி அடிக்குமுன் எடுத்தார்.

"சார், முத்திருளன் கெடைச்சுட்டாரு" என்றாள் ரோகிணி.

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்றார் அருண்பாண்டி.

"இல்ல சார். அவரு இருக்கிற எடத்துலதான் நிக்கிறோம். நீங்க நேர்ல வந்து பாத்துட்டா மேல என்ன செய்யலாம்னு முடிவு பண்ணலாம்."

"அங்கயே இருங்க. யாருக்கும் போன் போடாதீங்க. வாரேன்."

போன் அணைந்தது. அதே நேரம் கொட்டகைக்குள் ஏதோ உராய்ந்தது. கதவைத் திறந்துகொண்டு, நரைத்த மீசையும் கையில் கடப்பாரையுமாக ஒரு ஆள் வெளியே வந்தான். மெய்க்காப்பாளன் பேயாண்டி ரோகிணிக்குப் பின்னால் போய் நின்றான்.

"மேஸ்திரி காளை அண்ணனா?" என்றாள் ரோகிணி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பதுபோல. "கடப்பாரையக் கீழ வைங்கண்ணே. உங்ககூட ரெண்டு வார்த்த பேசணும்."

காளை அவளைப் பார்த்தான். சிமெண்டைப் பார்த்தான். கடப்பாரையைச் சாத்திவிட்டு உள்ளே போனான். அவளும் போனாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே தனியாக நின்ற பேயாண்டிக்கு உள்ளே முணுமுணுப்பு மட்டும் கேட்டது. ஒரு தடவை காளை விம்முவதுபோலவும் இருந்தது. அவள் திரும்பி வந்தபோது முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"என்னக்கா சொன்னாரு?"

"கார் வந்ததும் நீ வாயத் தொறக்காத. உனக்கு அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேல."

முதல் தூறல் தகரத்தில் விழுந்தபோது வெள்ளைக் கார் வந்தது. அருண்பாண்டி ஒற்றை ஆளாக இறங்கினார். குடையை விரித்தார். சேறு படாமல் கால் பார்த்துப் பார்த்து நடந்து வந்து, சிமெண்டு வட்டத்துக்கு ஒரு அடி முன்னால் நின்றார். எட்டி மிதிக்கவில்லை.

"வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா சார்?" என்றாள் ரோகிணி.

"இல்ல. அலங்காநல்லூர் ரோட்டுல இருந்து பக்கம்தானே."

பேயாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்கக் கூடாது என்பது மறந்துபோனது. "அக்கா, இவரு எங்க இருக்கீங்கன்னு கேக்கவே இல்லயே. எப்பவும் மொதல்ல அதத்தான் கேப்பாரு. இன்னிக்கிக் கேக்கல. நாமளும் சொல்லல."

தூறல் வலுத்தது. அருண்பாண்டி குடைக்குள்ளேயே அசையாமல் நின்றார். அவர் முகம் கோபப்படும் என்று பேயாண்டி எதிர்பார்த்தான். அது களைத்துப் போனதுதான் பயமாக இருந்தது.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். "உலகத்துல பாதி ஊரு ரயிலுக்கு அலையுது. நான் குடுக்கலைன்னா இன்னொருத்தன் குடுப்பான். எனக்கு மேல இருக்கறவன் மண்ணக் கேக்கல, தேதியத்தான் கேக்கறான். மிஷினு சும்மா நின்னா என் வேல போயிரும். மண்ணு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன, எந்த ஊருலயும் ஒண்ணு ரெண்டு சுவரு விரியத்தான் செய்யும். அதுக்குத்தான் இன்சூரன்ஸ்."

"அந்த வேலைய விட்டுட்டுத்தான் சார் நான் வந்தேன்."

"அந்த முத்திருளன்கிட்ட எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். பூசணிக்கா பூசணிக்கான்னு பெனாத்துனான். அவன் பொண்டாட்டி போலீசுக்குப் போகாம நாளத் தள்ளத்தான் உங்களக் கூப்பிட்டேன். சரி, நான் இங்க வந்தேன். அதனால? இதத் தோண்டப் போறீங்களா? தோண்டுங்க. உள்ள இருக்கறவன் எந்திரிச்சு வந்து சாட்சியா சொல்லப்போறான்?"

பேயாண்டி கையை முறுக்கினான். ரோகிணி அவன் தோளில் கை வைத்தாள்.

"நீங்க மதுரக்காரருதானே சார்? அப்பறம் எப்படி இது தெரியாமப் போச்சு?" அவள் குரலை உயர்த்தவில்லை. "காளை அண்ணன் துளைக்கு ஒடைக்கிற காய், துளைக்கு முன்னாடியே ஒடஞ்சிரும். இந்தக் காய் சிமெண்டு காஞ்ச பெறகு ஒடஞ்சிருக்கு. ஒரு வெதகூட சிமெண்டுல பதியல. அப்ப இது துளைக்கு ஒடச்சது இல்ல. கூடவே மொளகாயும் கல்லுப்பும் வாங்கியிருக்காரு. தாழ்வாரத்து நெருப்புல மொளகாக் காம்பு கருகிக் கெடக்கு. மிஷினுக்கு யாரும் மொளகா சுத்திப் போடறதில்ல சார். ஆளுக்குத்தான் சுத்துவாங்க. பெரிய கண்டத்துல தப்பிச்ச ஆளுக்கு. அதுலயும், செத்தவங்களுக்கு யாரும் திருஷ்டி கழிக்கிறதில்ல."

கொட்டகைக் கதவு திறந்தது.

காளை ஒரு தோள் கொடுத்திருந்தான். அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப்போட்ட ஒல்லியான ஆள் ஒருவன் நின்றான். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கக் கம்பி இல்லை. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"அடிச்சு மயங்கிக் கெடந்தவரக் கொண்டாந்து போட்டுட்டு, உள்ள எறக்கிப் பூசிருன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க" என்றான் காளை. அவன் அருண்பாண்டியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "பொய்த் துளை போட்டேன். அது என் பாவம். மூச்சு இருக்கற மனுசன மூடச் சொன்னா நான் எந்தச் சாமிகிட்டப் போயி நிக்கிறது? வெறும் குழியத்தான் மூடுனேன். வெளிய விட்டா ரெண்டு பேரையும் முடிச்சிருவீகன்னு பயந்து ஒளிச்சு வச்சேன்."

அருண்பாண்டி சிமெண்டைப் பார்த்தார். முத்திருளனைப் பார்த்தார். மறுபடி சிமெண்டைப் பார்த்தார். குடை கையிலிருந்து நழுவி வட்டத்தின் மேல் விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

"ஆத்தங்கரையில மணல்தான் வரும்னு அன்னிக்கே சொன்னேன் சார்" என்றான் முத்திருளன். குரல் எழும்பவே இல்லை.

மண்பாதையில் போலீஸ் ஜீப்பின் விளக்கு தெரிந்தது. ரோகிணி தனியே போய் யாரிடம் பேசினாள் என்று பேயாண்டிக்கு இப்போது விளங்கியது. அருண்பாண்டி ஓட முயலவில்லை. ஜீப்பில் ஏறும்போது மட்டும் திரும்பி, "என்னப் பிடிச்சுட்டீங்க. மிஷினு முந்தாநாளே கப்பல் ஏறிருச்சு. அத யாரு பிடிப்பா?" என்றார். அவர் மிரட்டலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அவரே பயந்துபோய்க் கேட்டதுபோலத்தான் இருந்தது. பேயாண்டிக்கு அந்தச் சந்தும், ஒற்றைக்காலில் நின்ற பிள்ளைகளும் நினைவுக்கு வந்தன.

காளையும் தானாகவே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டான். மழை இப்போது முழுசாக இறங்கியது. சிமெண்டின் மேலிருந்த குங்குமம் கரைந்து ஓடத் தொடங்கியது.

பேயாண்டி தன் தீர்ப்பு தப்பிப்போனதில் இதற்கு முன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. தாழ்வாரத்தில் முத்திருளனைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, முத்துமீனாவின் நம்பரைப் போட்டு, போனை அவன் கையில் வைத்தான். அவனுக்குப் பிடிக்கத் தெம்பில்லாததால், பேயாண்டியே ஸ்பீக்கரை அழுத்தி அவன் காதருகே பிடித்துக்கொண்டான்.

"முத்துமீனா, நான்தான்" என்றான் முத்திருளன்.

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்து உருண்டது. தம்ளராக இருக்கவேண்டும். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்க இருக்கீங்க?"